கவர்னரின் உடம்பைத் துளைத்ததா போஸின் அலை? பாடி ஸ்கேனருக்குப் பின்னால் இருக்கும் 130 வருடக் கதை

ராயபுரம் ஜீரோ கேட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். துறைமுகத்துக்குள் போகிறவர்களை நிறுத்தி, அட்டையைப் பார்த்து, தேவைப்பட்டால் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே போதும். ஆனால் அந்த லாரியை ஓட்டி வரும் டிரைவரை தினமும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா? கூடாது. கதிர்வீச்சு உடம்பில் சேரும்.

மனிதர்களைச் சோதிக்க வேறொரு அலை இருக்கிறது. வெளிநாட்டு விமான நிலையங்களில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கச் சொல்வார்களே, அதில் வேலை செய்வது இந்த மில்லிமீட்டர் அலைதான். இந்திய விமான நிலையங்களிலும் பாடி ஸ்கேனர் வைக்க வேண்டும் என்று சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் உத்தரவிட்டது.

இப்போது அப்படியே காசிமேடு கடற்கரைக்கு வாருங்கள். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் உச்சியில் ஒரு நீளப் பட்டை சுற்றிக்கொண்டே இருக்கும். அது ரேடார். அது அனுப்பும் அலையின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். ஸ்கேனர் அலைக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சின்ன அலைகளை முதன்முதலில் கையில் பிடித்து, வளைத்து, திருப்பி விளையாடியவர் ஒரு இந்தியர். ஜெகதீஷ் சந்திர போஸ். ஆமாம், செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவராக ஸ்கூல் புத்தகத்தில் வருவாரே, அவரேதான். செடிக்கு முன்னால் அவர் செய்த வேலை பலருக்குத் தெரியாது.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சில்

1858 நவம்பர் 30. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அதிகாரிகள் பிள்ளைகளை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்ப்பதுதான் கௌரவம். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. தாய்மொழி முதலில், ஆங்கிலம் அப்புறம் என்று மகனை ஃபரீத்பூரில் வங்காளிப் பள்ளியில் சேர்த்தார்.

அங்கே போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் உதவியாளரின் மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். மீன்கள், பறவைகள், நீர்வாழ் பிராணிகள் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகளில்தான் இயற்கையைக் கவனிக்கும் ஆசை தனக்குள் விழுந்தது என்று பின்னாளில் பெரிய மேடைகளிலேயே அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே லாஃபோன் பாதிரியார் இயற்பியலைச் செய்து காட்டிச் சொல்லிக்கொடுப்பார். 1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார் போஸ். ஏற்கெனவே உடம்பில் காய்ச்சல் இருந்தது. பிணம் அறுக்கும் அறையின் நெடி அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாத்தியார் லார்ட் ரேலி. அலைகளும் ஒளிச் சிதறலும் என்றால் உலகத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை என்ற காலம் அது.

மூன்று வருஷம் சம்பளமே வாங்கவில்லை

1885-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கேதான் சிக்கல். ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். போஸ் தற்காலிகப் பதவியில் இருந்ததால் அதிலும் பாதி.

போஸ் சண்டை போடவில்லை, வேலையை விடவும் இல்லை. தினமும் போய்ப் பாடம் எடுத்தார். மாதச் சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம். வீட்டிலோ அப்பாவின் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து மொத்தமாகக் கிடைத்தது. அது கடனை அடைக்கப் போனது.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான், 1887-ல், அபலா தாஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இவருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அபலாவுக்கு டாக்டர் ஆக ஆசை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்தது. ஆனால் சென்னையில் 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களுக்கு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி கதவைத் திறந்திருந்தது. அதனால் 1882-ல், வங்க அரசின் உதவித்தொகையோடு, 17 வயதில் சென்னைக்கு வந்தார் அபலா. அதற்கு முந்தைய வருஷம் அடித்த புயலில், கட்டிக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகம் சிதைந்து கிடந்த நேரம் அது. உடல்நிலை ஒத்துழைக்காததால் படிப்பை முடிக்க முடியாமல் ஊர் திரும்பினார். பின்னாளில் பெண் கல்விக்காகவும் விதவைகளுக்காகவும் வங்காளத்தில் அவர் செய்த வேலை தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பாத்ரூம் பக்கத்தில் ஒரு ஆய்வகம்

1888-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் இருப்பதை நிரூபித்துவிட்டார். உலகமே அதன் பின்னால் ஓடியது. போஸ் 1894-ல் தன் 36-வது பிறந்தநாள் சமயத்தில் இதில் இறங்கினார். கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று எதுவும் கிடையாது. குளியலறையை ஒட்டி இருந்த ஒரு சின்ன இடம்தான் கிடைத்தது. உதவிக்கு, முறையாகப் பயிற்சி பெறாத ஒரு தகரக் கொல்லர்.

மற்றவர்கள் நீள நீளமான அலைகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள். போஸ் எதிர்த் திசையில் போனார். 5 மில்லிமீட்டர் வரை அலையைக் குறுக்கினார். இன்றைய கணக்கில் 60 ஜிகாஹெர்ட்ஸ். ஏன் இவ்வளவு சின்னது? ஒளி என்னவெல்லாம் செய்கிறதோ, எதிரொலிக்கிறது, வளைகிறது, முனைவாக்கம் ஆகிறது, அதெல்லாம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அலையும் செய்யும் என்று காட்ட வேண்டும். மீட்டர் கணக்கில் நீளமான அலைக்கு லென்ஸும் பட்டகமும் செய்தால் அது ஒரு வீடு அளவு வரும். 5 மில்லிமீட்டர் அலைக்கு எல்லாம் ஒரு மேஜை மேல் அடங்கிவிடும். சின்ன அறைக்குச் சின்ன அலை!

அவர் செய்த கருவிகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பிரமிப்பும் வரும். அலையைப் பிடிக்க உலோகப் புனல் ஒன்று செய்தார். இன்று ஹார்ன் ஆன்டெனா என்று சொல்வது அதைத்தான். அலையின் அதிர்வுத் திசையை வடிகட்ட, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாளைச் செருகினார். அருமையாக வேலை செய்தது. அலையைத் திருகிவிட, முறுக்கிய சணல் நாரைப் பயன்படுத்தினார். வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்?

1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் முதல் கட்டுரை. அதே வருஷம் இன்னொரு கட்டுரையைப் பழைய வாத்தியார் ரேலி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொண்டுபோனார். 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மேடையில் ஏறி இத்தனையையும் நேரில் செய்து காட்டினார் போஸ்.

உடம்பைத் துளைத்துக்கொண்டு போனதா?

இப்போது அந்தப் பிரபலமான கதைக்கு வருவோம்.

1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு செயல்விளக்கம். வங்கத்தின் துணைநிலை ஆளுநர் முன்னிலையில் போஸ் ஒரு முனையில் அலையைக் கிளப்ப, சுவர்களைத் தாண்டி அடுத்த அறைகளில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. கம்பி எதுவும் இல்லை. நடுவில் ஆளுநரே உட்கார்ந்திருந்தார், அலை அவருடைய பருத்த உடம்பையும் துளைத்துக்கொண்டு போனது என்று வாழ்க்கை வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவுகளிலும் அதேதான்.

மணி அடித்தது உண்மை. உடம்பைத் துளைத்தது? அங்கேதான் இடிக்கிறது.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். சென்டிமீட்டர், மில்லிமீட்டர் அளவு அலைகளைத் தண்ணீர் அப்படியே குடித்துவிடும். 60 ஜிகாஹெர்ட்ஸ் அலை தோலுக்குள் அரை மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துபோகும். அந்த அலை ஒருவருடைய வயிற்றைத் தாண்டி முதுகு வழியாக வெளியே வர வழியே இல்லை. போஸின் சின்ன அலை என்றால், அது ஆளுநரைச் சுற்றிக்கொண்டும், சுவர், கூரை, மேஜை என்று பட்டுத் தெறித்தும்தான் மறுபக்கம் போயிருக்க வேண்டும். ஒருவேளை அன்றைக்கு இதைவிட நீளமான அலையைப் பயன்படுத்தியிருந்தால், அதுவும் பெரும்பாலும் உடம்பை வளைத்துக்கொண்டுதான் போயிருக்கும்.

இதில் போஸுக்கு எந்தக் குறைவும் இல்லை. தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று அளக்க அன்றைக்கு யாரிடமும் கருவி கிடையாது. சொல்லப்போனால், உடம்பைத் துளைக்காத இந்தக் குணம்தான் 100 வருஷம் கழித்து அந்த அலைக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

தோல் ஒரு கண்ணாடி மாதிரி

எப்படி என்று பாருங்கள். சட்டைத் துணி காய்ந்தது, மெல்லியது. மில்லிமீட்டர் அலைக்கு அது இருப்பதே தெரியாது. உள்ளே போய்த் தோலில் மோதும். ஸ்கேனர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 1 சென்டிமீட்டர் அலையில் கிட்டத்தட்ட பாதி அங்கிருந்தே திரும்பி வந்துவிடும், மீதி தோலின் மேல்பரப்பில் அடங்கிவிடும். இடுப்பில் ஒரு கத்தி இருந்தால்? உலோகம் வந்த அலை முழுவதையும் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக்கோ, பீங்கானோ, பொட்டலமோ இருந்தால் திரும்பும் அளவும் நேரமும் மாறும். மெட்டல் டிடெக்டருக்குத் தெரியாத பொருள்கூட இதில் தனியாகத் தெரிவது இப்படித்தான்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. நம் தோலில் ரேகை, சுருக்கம், மயிர்க்கால் என்று ஆயிரம் மேடு பள்ளம் இருந்தாலும், அதெல்லாம் மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான். 1 சென்டிமீட்டர் அலைக்கு அது வழவழப்பான கண்ணாடி. வெள்ளைச் சுவரில் டார்ச் அடித்தால் எங்கே நின்றாலும் வெளிச்சம் தெரியும். கண்ணாடியில் அடித்தால் ஒரே திசையில்தான் தெறிக்கும். தோல் இரண்டாவது வகை. நேராகப் பார்க்கும் மார்பும் வயிறும் பளிச்சென்று தெரியும், சாய்வாக வளையும் விலாவும் தோள்பட்டையும் இருட்டாகிவிடும். கூண்டுக்குள் நம்மைச் சுற்றி ஒரு கருவி சுழல்வதும், கையைத் தூக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

அலையை இன்னும் குறுக்கி, 1 மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுபோனால்? அதாவது 300 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலே. இதைத்தான் சப்மில்லிமீட்டர் அலை என்கிறார்கள். படம் கூர்மையாகும். தூரத்திலிருந்தே பார்க்கலாம். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் 670 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றைச் செய்து, 25 மீட்டர் தள்ளி நிற்பவரின் துணிக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டியது. அதன் அலை நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவில் தோலின் சொரசொரப்பு அலைக்குத் தட்டுப்பட ஆரம்பிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் திசையிலும் சிதறும். ஆனால் தோல் திருப்பி அனுப்பும் பங்கு குறையும், துணியும் காற்றிலுள்ள ஈரமும் குறுக்கே நிற்கத் தொடங்கும். ஒன்று கிடைத்தால் ஒன்று போகும்.

வியர்வை இன்னொரு கதை. தோலுக்குள் இருக்கும் வியர்வைக் குழாய்கள் ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டிருப்பதால், இந்த அலைகளுக்கு அவை குட்டி ஆன்டெனா போல நடந்துகொள்ளலாம் என்று ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கருத்தை வைத்தார்கள். அது அப்படியோ இல்லையோ, ஈரத் தோலும் காய்ந்த தோலும் ஒரே மாதிரி அலையைத் திருப்பாது என்பது உறுதி. ஜெர்மனியின் ஹாம்பர்க் விமான நிலையத்தில் 2010-11-ல் ஸ்கேனர்களைச் சோதித்தபோது, வியர்வைக்கும் துணி மடிப்புக்கும்கூட அலாரம் அடித்துப் பெரிய தலைவலியானது. குளிர் நாட்டிலேயே இந்தப் பாடு. மே மாதம் எண்ணூரில் ஷிஃப்ட் முடிந்து நனைந்த சட்டையோடு வெளியே வரும் தொழிலாளியையோ, புடவைக் கொசுவத்தையோ இந்த மெஷின் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நம் ஊர் உடம்புகளில் சோதித்துப் பார்த்த மென்பொருள் வேண்டும்.

இது எக்ஸ்ரே இல்லை, உடம்புக்குள் எதையும் உடைக்கும் சக்தி இந்த அலைக்குக் கிடையாது. உடம்பைப் படமாகக் காட்டுகிறது என்ற அந்தரங்கப் புகார் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. இப்போது பெரும்பாலான மெஷின்கள் ஒரு பொம்மைக் கோட்டுப்படத்தில் இடத்தை மட்டும் குறித்துக் காட்டுகின்றன.

காசு வந்தது, அவர் போகவில்லை

திரும்ப போஸிடம் வருவோம். லண்டனில் அவர் கொடி கட்டிப் பறந்த அதே வருஷங்களில்தான் இளைஞர் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைத் தொழிலாக்கிக்கொண்டிருந்தார். மார்க்கோனிக்குத் தேவை தூரம். அதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நீள அலை. 1901 டிசம்பரில் அட்லான்டிக்கைத் தாண்டி சிக்னல் வாங்கியதாக அறிவித்தார். அதற்குப் பயன்பட்ட பாதரச உணர்கருவி, 1899-ல் போஸ் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் என்று 1998-ல் ஒரு விரிவான ஆய்வுக்கட்டுரை வாதாடியது. அதை வைத்து ரேடியோவையே போஸ்தான் கண்டுபிடித்தார், மார்க்கோனி திருடினார் என்று சொல்வது கொஞ்சம் ஓவர். போஸ் தந்தி அனுப்ப முயலவே இல்லை. அவர் தேடியது அலையின் குணத்தை.

தந்திக் கம்பெனிகளிடமிருந்து ஆஃபர் வந்தது. லாபத்தில் பங்கு தருகிறேன் என்று ஒரு பெரிய முதலாளி கெஞ்சியதையும், தான் மறுத்துவிட்டதையும் 1901-ல் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நண்பர்கள் சாரா புல், சகோதரி நிவேதிதா விடாமல் வற்புறுத்தியதால்தான் கலீனா என்ற ஈயத் தாதுவை வைத்துச் செய்த உணர்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை எடுக்கச் சம்மதித்தார். 1904 மார்ச்சில் அது கிடைத்தது. ஒரு குறைகடத்தியை வைத்து அலையைப் பிடிப்பதற்குக் கிடைத்த மிக ஆரம்பகாலக் காப்புரிமைகளில் அது ஒன்று. அதில் அவர் ஒரு பைசா பார்க்கவில்லை.

அதற்குள் அவர் மனசு செடிகள் பக்கம் போய்விட்டது. உணர்கருவிகள் தொடர்ந்து வேலை செய்தால் களைத்துப்போவதையும், ஓய்வுக்குப் பின் தேறுவதையும் பார்த்து, உயிருள்ளதும் இல்லாததும் ஒன்றுபோல நடந்துகொள்கின்றனவே என்று யோசிக்க ஆரம்பித்தார். 1901-ல் இதைச் சொன்னபோது லண்டனில் உடலியங்கியல் நிபுணர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் கேள்வி. அவர் பின்வாங்கவில்லை. மீதி வாழ்க்கை அதற்கே போனது. அவர் விட்ட இடத்திலிருந்து மில்லிமீட்டர் அலையைத் தூக்கிக்கொண்டு ஓட இந்தியாவில் ஆள் இல்லை. சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா போன்ற மாணவர்கள் வேறு திசைகளில் உலகப்புகழ் பெற்றார்கள். தூரம் போகாத அலையால் யாருக்கு என்ன லாபம் என்று உலகமும் அதை மறந்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் வந்தபோது புனலும் குழாயும் வெளிநாட்டில் மறுபடி புதிதாகப் பிறந்தன.

1917-ல் சர் பட்டம். அதே வருஷம் நவம்பர் 30, தன் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் திறந்தார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1937 நவம்பர் 23 அன்று, 79 வயதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் கிரிதியில் காலமானார். அபலா 1951 வரை இருந்தார்.

1997-ல் அமெரிக்க ரேடியோ வானியலாளர் ஒருவர் போஸின் பழைய கட்டுரைகளை அலசி எழுதினார். அரிசோனாவின் கிட் பீக் மலையில் இருந்த 12 மீட்டர் தொலைநோக்கியின் 1.3 மில்லிமீட்டர் ரிசீவரில், போஸ் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அலையைக் கட்டுப்படுத்திய அதே உத்தி உபயோகமாகியிருந்தது. 2012-ல் உலக மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ., 1894 முதல் 1896 வரை பிரெசிடென்சி கல்லூரியில் நடந்த அந்தச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. அந்தப் புனலும் மேஜைக் கருவிகளும் இன்றும் கொல்கத்தா போஸ் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.